மாமா மாற்றாத கண்ணாடி

தூணில் உரசிய வண்டியைச் சென்ற வாரம் பணிமனையில் விட்டிருந்தார்கள். பின்கதவில் விழுந்த கோட்டை அழித்துப் புதுப் பூச்சும் அடித்துவிட்டார்கள். பார்த்தால் தடமே தெரியாது. ஆனால் அந்த உரசலைப் பற்றிய பேச்சு அவ்வளவு சுலபத்தில் அழிவதாக இல்லை.

வண்டி முதலாளியம்மாவுடையது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்துகிறவர். உள்ளே திரும்பிய பக்கமெல்லாம் திரையும் வெளியே சுற்றிலும் கேமராவுமாக, வாங்கும்போதே தெருவே வேடிக்கை பார்த்த வண்டி. அதை ஓட்டுகிறவர் நம் மாமா. முதலாளியம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். இத்தனை வருஷத்தில் ஒரு செடியைக்கூட உரசாதவர். உரசிய அன்று பின்சீட்டில் முதலாளியம்மாவின் சின்ன மகள் உட்கார்ந்திருந்ததுதான் விவகாரத்தைப் பெரிதாக்கிவிட்டது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பெற்றவள் மனசு கேட்குமா? இன்றைக்கு மாமா ஷோரூமுக்கு வந்து, அங்கே இருக்கும் பயிற்சியாளர்களில் ஒருவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் சரி என்றால் சாவி மாமா கையில். இல்லையென்றால் தொழிற்சாலை வாசலில் நிழலாக ஓர் இடம், அங்கே ஒரு நாற்காலி, அதே சம்பளம். முதலாளியம்மா அதைக் கனிவாகத்தான் சொன்னார். மாமாவுக்கு அந்த நாற்காலியை நினைக்கவே பிடிக்கவில்லை.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. அந்தப் பயிற்சியாளர் மாமாவின் சொந்த மருமகள். அது முதலாளியம்மாவுக்குத் தெரியாது. இன்றைக்குத் தன்னைச் சோதிக்கப் போவது யார் என்பது மாமாவுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மருமகள். அவள் நேற்றிலிருந்து சாப்பாடு இறங்காமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வீட்டில் மாமாவும் மருமகளும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. சண்டை கிண்டை ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் என்ன பேசுவது என்று இவருக்குத் தெரியவில்லை, எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் அத்தை இருந்தாள். இவர் சொல்வதை அவளிடமும் அவள் சொல்வதை இவரிடமும் சேர்த்தாள். மகன் கப்பல் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் கடலிலேயே இருப்பவன், இதையெல்லாம் மாற்ற அவனும் வீட்டில் இல்லை. அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

காலையில் அத்தை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அரைவட்டக் கண்ணாடியின் ஒரு காது கழன்று தொங்கியது. மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, தைப்பதை அதன் வழியாகவும் எதிரில் இருப்பவரை அதற்கு மேலாகவும் பார்ப்பாளே, அந்தக் கண்ணாடி. அது இல்லாமல் ஊசிக் காது அவளுக்குத் தட்டுப்படவில்லை.

இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க என்று ஊசியை மாமாவிடம் நீட்டினாள். மாமா அதை வாங்கவே இல்லை. மருமகளைக் கோக்கச் சொல்லு, எனக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த செருப்பை மறுபடி துடைக்கப் போனார்.

மருமகள் நூலைக் கோத்துக் கொடுத்தாள். ஷோரூமுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது, மதியம் சரிசெய்து வாங்கி வருகிறேன் என்று அத்தையின் கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜன்னல் ஓரம் நின்ற மாமா, தெருக்கோடியைப் பார்த்தபடி அத்தையிடம் சொன்னார். "அவளுக்கு பஸ் திரும்பிருச்சுன்னு சொல்லு. கூட்டம் இல்ல. பின்னால ரெண்டு சீட்டு காலியா இருக்கு."

"பஸ் வந்துருச்சாம்மா."

மருமகள் கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள். "கேட்டுச்சு அத்தை. கெளம்பிட்டேன்னு சொல்லுங்க."

"கெளம்பிட்டாளாம். என்னத்த சொல்ல, இந்த வீட்ல நான் சமைக்கறது பாதி, தபால் குடுக்கறது பாதி."

வாசலைத் தாண்டும்போது மருமகள் திரும்பிப் பார்த்தாள். மாமா அந்த வயசிலும் நிமிர்ந்து, பஸ் வருகிறதா என்று அவளுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் நிற்கிறவர்தான். இன்றைக்கு அதைப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது.

ஷோரூமில் அவளுக்குத் திரை மேடம் என்று பெயர். பட்டன் தேடியே பழகியவர்களுக்கு இந்த வண்டிகளில் ஏறினால் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. தொடுவதற்கு ஒன்றும் இருக்காது, எல்லாம் கண்ணாடித் தகடு. எந்த இடத்தைத் தொட்டால் காற்று வரும், எதைத் தொட்டால் வண்டியை மேலிருந்து பார்ப்பது போல நாலு பக்கமும் தெரியும், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியே எப்படித் திரையாக மாறும் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பொறுமையாகச் சொல்வாள் என்று பெயரெடுத்தவள்.

அந்த வேலைக்கு ஆள் தேவை என்ற தகவலே மாமா கொண்டு வந்ததுதான். முதலாளியம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, படிச்ச பொண்ணு சும்மா இருக்கணுமா, போயிட்டு வரச் சொல்லு என்று அத்தையிடம் சொன்னார். வேலை கிடைத்த அன்று இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். டிரைவர் மருமகள் என்று அங்கே யாரிடமும் சொல்லவேண்டாம், தன் சொந்தத் திறமையில் வந்தவள் என்றே இருக்கட்டும். அவளும் சொல்லவில்லை. நேற்று மேலாளர் இந்தப் பொறுப்பைக் கொடுத்தபோதுதான், சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இருந்தது.

பதினொரு மணி வாக்கில் முதலாளியம்மா வந்தார். இரண்டடி பின்னால் மாமா. மருமகளைப் பார்த்ததும் மாமாவின் நடை ஒரு கணம் நின்றது.

"வாங்க சார்" என்றாள் அவள்.

"வணக்கம் மேடம்" என்றார் அவர்.

கல்யாணமாகி இத்தனை நாளில் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் வார்த்தை இதுதான். அத்தை பார்த்திருந்தால் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்திருப்பாள்.

முதலாளியம்மா மேலே காத்திருக்கும் அறைக்குப் போய்விட்டார். பணிமனைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், வரிசையாகக் கூம்பு வைத்த இடத்தில், வண்டிக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கதவு மூடியதும் வெளிச்சத்தம் நின்றுபோனது. நடுவில் தபால் கொடுக்க ஆளில்லை.

மருமகள்தான் தொடங்கினாள். ரிவர்ஸ் எடுக்க வேண்டாம், முதலில் நாலு பக்கக் கேமராவை மட்டும் போடுங்கள் என்றாள்.

மாமா திரையைப் பார்க்கவே இல்லை. கை தானாகப் போய் இடது ஓரத்தைத் தொட்டது. கேமரா வரவில்லை. ரேடியோ பாடியது. திடுக்கிட்டு அதையே திரும்பத் தொட்டார், பாட்டின் சத்தம் கூடியது. நெற்றியில் வியர்வை பொடித்தது.

"போன வாரம் வரைக்கும் அது இங்கதான் இருந்துச்சு மேடம்."

இருந்தது உண்மை. பத்து நாள் முன்னால் இந்த வண்டிக்குப் புது அப்டேட் போட்டார்கள். அதில் கேமரா வலப்பக்கம் போய்விட்டது, அந்த இடத்தில் ரேடியோ வந்துவிட்டது. ஆனால் கொட்டை எழுத்தில் மேலேயே எழுதியிருக்கிறதே? இவர் எழுத்தைப் பார்க்கவில்லை, இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. தூணில் உரசிய அன்றும் இதே இடத்தைத்தான் தொட்டிருப்பார்.

ரேடியோவை அணைத்தாள். மேடமும் சாரும் அவள் வாயில் நிற்கவில்லை.

"எழுத்து தெரியலையா மாமா?"

மாமா கையைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தன. யாரிடமோ ஒப்புக்கொள்வது போல முன்னால் பார்த்துச் சொன்னார்.

"கண்ணு போயிருச்சும்மா."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. இந்த வண்டி வந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எதுவுமே துலங்குவதில்லை. வருவது லாரியா ஆட்டோவா என்றுகூடப் புரியாமல், தண்ணீருக்குள் பார்ப்பது போல மங்கலாக இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி பார்த்தே ஓட்டியவருக்கு அது தெரியவில்லை என்றால் கண்ணில்தானே கோளாறு? டாக்டரிடம் போனால் ஓட்டாதே என்று சொல்லிவிடுவார் என்று பயம். பக்கவாட்டுக் கண்ணாடியை வைத்தும், கழுத்தைத் திருப்பிப் பார்த்தும் ஓட்டினார். வேகமாக ஓட்டவில்லை. குழந்தை இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினார். வீட்டில் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை, அவள் அழுவாள்.

"நானே சாவியக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிருந்தா நான் மனுஷனா இருந்திருக்க முடியாது. நீ முடியாதுன்னே எழுதிக் குடுத்துரும்மா. உனக்குப் பாவம் சேராது."

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. காலையில் தெருக்கோடியில் திரும்பிய பஸ்ஸில் சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்தவர் இவர்தானே? கண் போனவருக்குப் பஸ்ஸின் பின்சீட்டு எப்படித் தெரியும்?

"மாமா, அந்தக் கேட்டு மேல என்ன எழுதியிருக்கு?"

மாமா மைதானத்தின் மறுகோடியை ஏறிட்டுப் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் படித்தார். "வெளியே செல்லும் வழி. அதுக்குக் கீழ, ஹாரன் அடிக்காதீர்."

கீழே ஒரு வரி இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் கையை நீட்டினாள். பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதை முன்னால் தள்ளினாள். டிக் என்று ஒரு சத்தம். திரை அணைந்தது. அதே இடத்தில் வெறும் கண்ணாடி, நம் எல்லார் வண்டியிலும் இருக்கிற சாதாரணக் கண்ணாடி, நின்றது.

மாமா அதைப் பார்த்தார். பின்னால் பணிமனைச் சுவர் தெரிந்தது. சுவரை ஒட்டிக் காவலாளி ஒருவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பிளாஸ்கின் மூடி சிவப்பு. டீயில் ஆவி பறந்தது.

"ஆவி தெரியுதும்மா" என்றார் மாமா. குரல் உடைந்துவிட்டது.

கண்ணில் நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று அவள் மெல்ல விளக்கினாள். சாதாரணக் கண்ணாடியில் பார்க்கும்போது, பின்னால் தூரத்தில் இருப்பது கண்ணுக்கும் தூரமாகவே இருக்கிறது. தூரப் பார்வை மாமாவுக்கு நன்றாகவே இருக்கிறது. திரையாக்கினால் அப்படியில்லை, கேமரா எவ்வளவு தூரத்தைக் காட்டினாலும் பார்ப்பது முகத்துக்கு அருகே இருக்கும் ஒரு தகட்டைத்தான். கிட்டத்தில் இருப்பதுதான் அவருக்கு மங்கல்.

"அத்தைக்கு ஊசி தெரியலையே, அதே சமாசாரம்தான் மாமா. இந்த வயசுல பாதிப் பேருக்கு வர்றது."

மாமா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. காவலாளி டீயைக் குடித்து முடிக்கும்வரை பார்த்தார். பிறகு லீவரை விரலால் தொட்டார்.

"இது இத்தனை நாளா இங்கேயேதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. ஒரு தடவ கை வச்சுப் பாத்திருக்கலாமே?"

"நீதான மாத்த வேணாம்னு சொன்ன."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. வண்டியை ஒப்படைத்த அன்று முதலாளியம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமா வெளியே ஜன்னல் பக்கம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். இந்தக் கண்ணாடியை இப்படியே திரையாக வைத்திருங்கள், மாற்றாதீர்கள், இதுதான் இந்த வண்டியின் சிறப்பு. எல்லாரிடமும் சொல்கிற வாய்ப்பாடு. எல்லாரும் வீட்டுக்குப் போனதும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வார்கள்.

"என் மருமக பாத்துப் பாத்து வச்சுக் குடுத்தது. அதுல நான் கை வப்பேனா?"

முன்சீட்டில் எத்தனையோ முதலாளிகளை உட்கார வைத்து அவள் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரே ஆள், ஜன்னலுக்கு வெளியே நின்றவர். அதுவும் தனக்குக் கண் போகிறது என்று பயந்துகொண்டே. இவ்வளவு மதிப்பை அவள் பிறந்த வீட்டிலும் கண்டதில்லை. ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதும் அவள்தான். அழுதேவிட்டாள்.

மாமா பதறிப்போனார். டிஷ்யூ எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுத்தே பார்க்காமல் அவருக்குத் தெரிந்தது.

நடுத்திரை பாக்கி இருந்தது. அதை வெறும் கண்ணாடியாக மாற்ற லீவர் கிடையாது. மருமகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். அத்தையின் அரைவட்டக் கண்ணாடி. கழன்ற காதைத் தன் தலைமுடிக் கிளிப்பால் இறுக்கிக் கொடுத்தாள்.

"மூக்கு நுனியில மாட்டுங்க. ரோட்ட அதுக்கு மேல பாருங்க. திரைய மட்டும் அது வழியா பாருங்க. அத்தை தைக்கறப்ப பாக்கறாங்கல்ல, அப்படி."

மாமா மாட்டிக்கொண்டார். அத்தையின் முகத்தில் அறிவாளிக் களை கொடுத்த கண்ணாடி, மாமாவின் முகத்தில் ஆந்தைக் களை கொடுத்தது. அவர் குனிந்து திரையில் இருந்ததையெல்லாம் புதிதாகப் படிக்கக் கற்ற குழந்தை மாதிரி வாய்விட்டுப் படித்தார். காற்று. வழி. கேமரா, இங்கேயா போய் உட்கார்ந்திருக்கிறாய். பிறகு ஓரிடத்தில் நின்றார்.

"இருக்கை சூடு. அப்படின்னா?"

"சீட்ட சூடாக்கறது மாமா. குளிருக்கு. அடடா, அது ஃபுல்லா ஓடுதே?"

மாமா மெதுவாக முதுகைத் தடவினார். இந்த வண்டியில் ஏறிய நாளாக முதுகு எரிகிறது, வயசுக் கோளாறு என்று நினைத்து அத்தை தினமும் தைலம் தேய்த்துவிடுகிறாள் என்று சொன்னார். இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. காவலாளி டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் மருமகள் ஒரு முடிவு எடுத்தாள். மேலே போனாள். முதலாளியம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை.

"மேடம், இவரு என் மாமனார். இத நான் நேத்தே சொல்லியிருக்கணும். நான் நல்லா ஓட்டறாருன்னு சொன்னா நீங்க நம்ப வேண்டாம். நீங்களே பின்னால உக்காந்து பாருங்க."

கண்ணாடி விஷயத்தையும், ஒப்படைத்த அன்று ஓட்டுகிறவரிடம் கேட்காமல் தான் விட்ட தப்பையும், அப்டேட் போட்டபின் இடம் மாறியதை யாரும் அவருக்குச் சொல்லாததையும் சொன்னாள். மேலாளரும் அங்கே இருந்தார். அவர் முகம் சரியில்லை. அவள் அதைக் கவனித்தாள், ஆனாலும் நிறுத்தவில்லை.

முதலாளியம்மா கீழே வந்து பின்சீட்டில் ஏறினார். மாமா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இரண்டு வண்டிகளுக்கு நடுவே, ஆள் நுழையவே யோசிக்கும் இடைவெளியில், ரிவர்ஸ் எடுத்தார். கேமராவைத் தொட்டார், இந்த முறை கேமராவே வந்தது. அரைவட்டக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை, அதற்கு மேலாக ஒரு பார்வை, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு பார்வை. வண்டி வெண்ணெயில் கத்தி போல உள்ளே போய் நின்றது.

முதலாளியம்மா முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தார்.

"நான் ஸ்கூல்ல படிச்சப்போ ஒரு நாள் மழையில ரோடெல்லாம் தண்ணி. நீங்கதான் செருப்பக் கழட்டிட்டு எறங்கி, பள்ளம் எங்க இருக்குன்னு கால வச்சுப் பாத்துப் பாத்து வண்டியக் கொண்டுவந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்படிப்பட்ட ஆளு, கண்ணு தெரியலைன்னா எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதான? நான் என்ன வேத்து மனுஷியா?"

மாமா தலை குனிந்தார். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போகவேண்டும் என்றும், தானே கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும், டாக்டர் சரி என்று சொன்னபிறகுதான் குழந்தையை ஏற்றவேண்டும் என்றும் முதலாளியம்மா கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் மகள் ஒரு வாரமாக டிரைவர் தாத்தா எங்கே என்று நச்சரிப்பதையும் சொன்னார். தான் தொழிற்சாலை வண்டியில் போய்க்கொள்வதாகவும், மருமகளை வீட்டில் விட்டுவிட்டு வரும்படியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாமா வழக்கப்படி பின்கதவைத் திறந்து பிடித்தார். மருமகள் அதைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

பாதி வழி பேச்சில்லாமல் போனது. பழைய மௌனம் இல்லை இது. இதில் சங்கடம் இல்லை.

"எத்தன ராத்திரி தூங்கலைன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் மாமா, ரோட்டைப் பார்த்தபடி. "என் கண்ணத் திருப்பிக் குடுத்துட்டம்மா. இத நான் உங்க அத்தைகிட்ட சொல்லி அனுப்ப முடியாது. அதான் நானே சொல்றேன்."

"இந்த வேலை நீங்க சொல்லிக் கெடச்சது மாமா. எங்க வீட்ல எல்லாரும் எதுக்கு வேலைன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் தெனமும் எனக்கு பஸ் பாத்தீங்க. அதுக்கு நானும் சொல்லணும்னே இருந்தேன்."

சிக்னலில் வண்டி நின்றது. காலையில் திரையைச் சோதித்துப் பார்ப்பதற்காக அவள் தன் போனை வண்டியோடு இணைத்திருந்தாள். துண்டிக்க மறந்துவிட்டாள். பெரிய திரையில் ஒரு செய்தி வந்து நின்றது.

அவள் கை நீட்டுவதற்குள் மாமா குனிந்துவிட்டார். அத்தையின் கண்ணாடி வழியாக, நிறுத்தி நிதானமாகப் படித்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. பயிற்சி மையத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக அவள் தேர்வாகியிருக்கிறாள். மையம் வேறு ஊரில். அடுத்த மாதம் சேரவேண்டும். சம்மதத்தை இந்த வாரத்துக்குள் சொல்லவேண்டும்.

விண்ணப்பம் போட்டதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கடலில் இருக்கும் கணவனிடம்கூட இல்லை. கிடைக்காது என்று நினைத்துத்தான் போட்டாள். முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள்.

பச்சை விழுந்தது. மாமா கண்ணாடியைப் பார்த்து, வண்டியை எடுத்தார். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீடு வரைக்கும் திறக்கவில்லை.

அத்தை வாசலிலேயே நின்றாள். தன் வீட்டு வாசலில் அப்படியொரு வண்டி வந்து நிற்பதையோ, முன்சீட்டிலிருந்து மருமகள் இறங்குவதையோ அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பார்வை மாமாவின் மூக்கில் இருந்தது.

"என் கண்ணாடி உங்க மூஞ்சில என்ன பண்ணுது?"

மாமா உள்ளே வந்து தையல் மெஷினுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். மெஷின் மேல் காலையில் வைத்த ஊசி அப்படியே கிடந்தது. நூல் தீர்ந்திருந்தது. அவர் ஊசியையும் நூலையும் எடுத்து, கண்ணாடி வழியாகப் பார்த்து, கோத்து அத்தையிடம் நீட்டினார்.

அத்தை ஊசியை வாங்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ இருக்கிறது என்று மூக்கில் வியர்த்துவிட்டது. எப்போதும் போல நடுவில் வந்து நின்று, என்னவாம் என்று மருமகளிடம் கேட்டாள். மருமகளும் பழக்கதோஷத்தில், நான் வந்து எல்லாத்தையும் சொல்றேன்னு சொல்லுங்க அத்தை என்று தொடங்கினாள்.

மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ கொஞ்சம் தள்ளிக்க" என்றார் அத்தையிடம். "இன்னைக்கு உனக்கு தபால் இல்ல."

அத்தை வாயைத் திறந்தபடி இரண்டடி தள்ளி நின்றாள். மாமா அரைவட்டக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். நாற்காலியை மருமகள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரும்மா" என்றார். "அந்த ஊருக்கு நீ என்னைக்குக் கெளம்பணும்?"